உங்க விசாவுக்கு ஆறு வாரம், பூனைக்கு நாலு மாசம்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சற்றே சுருக்கித் திருத்தப்பட்டது.)

இந்த வாரம் எதைப் பத்திப் பேசலாம்னு யோசிக்கிற வேலையே எனக்கு இல்லாமப் போச்சு. வேளச்சேரியிலேர்ந்து ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. ஜெர்மனியில வேலை கிடைச்சிருக்கு, விசா வந்தாச்சு, இன்னும் ஆறு வாரத்துல ஃபிராங்க்ஃபர்ட்ல ஜாயின் பண்ணணும். வீட்டுல மூணு வயசுல ஒரு நாட்டுப் பூனை. "அண்ணா, எனக்கு டிக்கெட் போடும்போதே அதுக்கும் சேர்த்துப் போட்டுடலாம்ல? எக்ஸ்ட்ரா லக்கேஜ் மாதிரி ஏதாவது ஆப்ஷன் இருக்குமா?"

ஆப்ஷன் இருக்கு. ஆனா டிக்கெட்ங்கிறது இந்தக் கதையில கடைசிக்கு முந்தின படி. அதுக்கு முன்னாடி ஏறவேண்டிய படிகள்தான் பெருசு. அதுல பாதி, நம்ம ஊசி போடுற நோட்டுப் புத்தகத்துல ஆரம்பிக்குது.

முதல்ல, எதுக்கு இவ்வளவு கெடுபிடின்னு புரிஞ்சுக்கலாம். ரேபிஸ். வெறிநாய்க்கடி நோய். வந்துட்டா பொழைக்கிறது கிட்டத்தட்ட இல்லவே இல்ல. மனுஷனுக்கும் அதே கதிதான். இந்தியாவுல இது இன்னும் இருக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 'இந்த நாடுகள்லேர்ந்து வந்தா பரவாயில்ல'ன்னு ஒரு பட்டியல் வச்சிருக்கு; அதுல இந்தியா இல்ல. பட்டியல்ல இல்லாத நாட்டிலிருந்து வர்ற நாயோ பூனையோ, ரேபிஸ் தடுப்பூசி போட்டிருந்தா மட்டும் போதாது. அந்த ஊசி உடம்புல வேலை செஞ்சிருக்குன்னு ரத்தப் பரிசோதனையில நிரூபிக்கணும். அதுக்கப்புறமும் காத்திருக்கணும்.

வரிசை இதுதான், இதைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. முதல்ல மைக்ரோசிப். அரிசி மணி அளவுல ஒரு சின்ன சில்லு, தோலுக்கு அடியில, வழக்கமா ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல, ஊசி மூலமாவே போடுவாங்க. 15 இலக்க எண் வர்ற ஐ.எஸ்.ஓ. தரச் சிப்தான் வேணும். அதுக்குப் பிறகு, இல்ல அதே நாள்ல சிப் போட்ட கையோட, ரேபிஸ் ஊசி. ஊசி போட்டு குறைஞ்சது 30 நாள் கழிச்சு ரத்தம் எடுக்கணும். அந்த ரத்தம் ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரிச்ச ஆய்வகத்துக்குத்தான் போகணும். மூலைக்கு மூலை இருக்கிற லேப்ல குடுத்து ரிப்போர்ட் வாங்கி வச்சா அது வெறும் காகிதம்தான். எதிர்ப்புச் சக்தியோட அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யு.வோ அதுக்கு மேலயோ இருக்கணும். இதைத்தான் டைட்டர் டெஸ்ட்னு சொல்றாங்க. பாஸ் ஆயிட்டா, ரத்தம் எடுத்த தேதியிலேர்ந்து மூணு மாசம் காத்திருக்கணும். ரிசல்ட் வந்த தேதியிலேர்ந்து இல்ல, எடுத்த தேதியிலேர்ந்து. அது ஒரு சின்ன ஆறுதல்.

எதுக்கு மூணு மாசம்? ஊசி போடுறதுக்கு முன்னாடியே கிருமி உள்ள போயிருந்தா, அது வெளிய தெரிய நாளாகும். அந்த நாள் கடந்துபோகட்டும்னு காத்திருக்காங்க. யோசிச்சுப் பார்த்தா நியாயம்தான்.

கூட்டிப் பாருங்க. 30 நாள், அப்புறம் மூணு மாசம். எல்லாம் நல்லபடியா நடந்தாலே நாலு மாசம். விசா ஆறு வாரத்துல வந்துடுது. பூனைக்கு நாலு மாசம்.

இப்போ நம்ம ஊர்ல பெரும்பாலானவங்க மாட்டிக்கிற இடத்துக்கு வர்றேன். "எங்க பூனைக்கு வருஷா வருஷம் ஊசி போட்டிருக்கோம்ணா, புக்ல எல்லாம் இருக்கு"ம்பாங்க. இருக்கும். ஆனா சிப் போட்டிருக்க மாட்டாங்க. சிப்புக்கு முன்னாடி போட்ட ரேபிஸ் ஊசி, இந்தக் கணக்குல போடாத ஊசி. ஏன்னா எந்தப் பூனைக்குப் போட்ட ஊசின்னு அந்த நோட்டை வச்சு நிரூபிக்க முடியாது இல்லையா? நோட்டுல 'கருப்பு-வெள்ளை, பெண்'னு இருக்கும். அந்த வர்ணனைக்கு எங்க தெருவுலயே ஒம்பது பூனை நிக்குது. அதனால சிப் போட்டுட்டு, திரும்பவும் ஒரு ரேபிஸ் ஊசி போட்டு, அங்கேருந்துதான் கணக்கு ஆரம்பிக்கும்.

இன்னொண்ணு. முதல் முறையா ஊசி போடுற குட்டிகளுக்கு ஒரே ஊசியில அளவு 0.5-ஐத் தொடாமப் போகலாம். ஃபெயில் ஆனா திரும்ப ஊசி, திரும்ப ரத்தம், திரும்ப மூணு மாசம். ரெண்டாவது டோஸ் முன்கூட்டியே போட்டுடலாமான்னு உங்க டாக்டர்கிட்ட ஆரம்பத்துலயே கேட்டுடுங்க. சிப் போட்ட உடனே ரீடர் வச்சு ஸ்கேன் பண்ணி நம்பரைப் படிக்கச் சொல்லுங்க. அந்த நம்பர் ஊசி நோட்டு, ரத்த ரிப்போர்ட், ஹெல்த் சர்டிஃபிகேட் மூணுலயும் ஒரே மாதிரி இருக்கான்னு நீங்களே விரல் வச்சு ஒவ்வொரு இலக்கமாப் பாருங்க. ஒரு இலக்கம் மாறினா, காகிதத்துல அது வேற பூனை.

இவ்வளவையும் சொன்னதும் தங்கச்சி கேட்டது, "அப்போ நான் முன்னாடி போயிடுறேன், நாலு மாசம் கழிச்சு அம்மா கொண்டு வந்து விட்டுட்டுப் போகட்டும்." நல்ல யோசனை மாதிரிதான் இருக்கு. ஆனா அங்கயும் ஒரு முள் இருக்கு. சொந்தக்காரங்க கூட வர்ற பிராணி, வியாபாரத்துக்கு வர்ற பிராணின்னு ஐரோப்பிய ஒன்றியம் ரெண்டாப் பிரிக்குது. ரெண்டாவது வகைக்கு விதிகள் இன்னும் கடுமை. முதல் வகையில வரணும்னா, உங்க பயணமும் பூனையோட பயணமும் அஞ்சு நாள் இடைவெளிக்குள்ள நடக்கணும். அம்மாவுக்கு எழுத்துல அதிகாரம் குடுத்து அனுப்பலாம், அதுக்கு இடம் இருக்கு. ஆனா அந்த அஞ்சு நாள் கணக்கு அவங்களுக்கும் பொருந்தும். நீங்க ஜூன்ல போய், அம்மா அக்டோபர்ல பூனையோட வந்தா அது சொந்தப் பயணக் கணக்குல வராது. அதனால நடைமுறையில என்ன செய்யணும்னா, நாலு மாசம் பூனை அம்மாகிட்ட இருக்கட்டும். நீங்க தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்கு வாங்க, திரும்பிப் போகும்போது கூட்டிட்டுப் போங்க. எப்படியும் முதல் வருஷம் ஒரு தடவை வீட்டு ஞாபகம் வந்து ஓடி வரத்தான் போறீங்க.

இதுல ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஒரு தடவை டைட்டர் டெஸ்ட் பாஸ் ஆயிட்டா, அதுக்கப்புறம் ரேபிஸ் ஊசியைத் தேதி தவறாமப் போட்டுட்டே வந்தா, அந்த ரிசல்ட் ஐரோப்பாவுக்கு அந்தப் பிராணியோட ஆயுசு முழுக்கச் செல்லும். ஒரு நாள் தவறினாலும் திரும்ப முதல்லேர்ந்து. அதனால இதைக் கேக்குற யாராவது, 'அடுத்த ரெண்டு மூணு வருஷத்துல வெளிநாடு போகலாம், போகாமலும் இருக்கலாம்'ங்கிற நிலைமையில இருந்தா, வேலைக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடி பூனைக்குச் சிப் போடுங்க. ஐ.இ.எல்.டி.எஸ். எழுதுறீங்கல்ல, அது மாதிரி பூனைக்கு ஒரு பரீட்சைன்னு வச்சுக்குங்க.

மத்த நாடுகளை வேகமாப் பார்த்துடலாம். பிரிட்டனுக்கும் இதே சிப், ஊசி, ரத்தம், மூணு மாசம். நாயா இருந்தா, போய்ச் சேர்றதுக்கு 24 மணியிலேர்ந்து 120 மணி நேரத்துக்குள்ள நாடாப்புழு மருந்தும் டாக்டர் கையால குடுத்திருக்கணும். ஆனா விமானத்துல போனா கேபின்ல உங்க மடியில கிடையாது, கார்கோவாத்தான் இறங்கணும். அதனாலதான் சிலபேர் பாரிஸ் வரைக்கும் கேபின்ல கூட்டிட்டுப் போய், அங்கேருந்து கார்ல, கடலுக்கு அடியில போற சுரங்க ரயில் வழியா இங்கிலாந்துக்குள்ள நுழையிறாங்க. கேக்க வேடிக்கையா இருக்கும், ஆனா முழுக்கச் சட்டப்படியான வழி. ரெண்டு பக்கக் காகிதமும் சரியா இருக்கணும், அவ்வளவுதான். 2012-க்கு முன்னாடி இந்தியாவிலேர்ந்து பிரிட்டன் போன பிராணிங்க ஆறு மாசம் தனிமைக் கூண்டுல இருக்க வேண்டியிருந்தது. அதோட ஒப்பிட்டா இப்போ இருக்கிற மூணு மாசம், அதுவும் நம்ம வீட்டுலயே, பெரிய சலுகை.

அமெரிக்காவுக்குப் பூனை ஓரளவு சுலபம், நாய் கஷ்டம். 2024 ஆகஸ்ட் 1-லேர்ந்து நாய்களுக்குப் புது விதி. இந்தியா அவங்களோட அதிக ரேபிஸ் ஆபத்துப் பட்டியல்ல இருக்கு. ஆறு மாசத்துக்குக் குறைஞ்ச குட்டி உள்ள போக முடியாது. இங்க ஊசி போட்ட நாய்னா, குறிப்பிட்ட சில விமான நிலையங்கள்லதான் இறங்கலாம், அங்க பதிவு பெற்ற பராமரிப்பு மையத்துல முன்பதிவும் இருக்கணும். டைட்டர் ரிசல்ட் கையில இல்லைன்னா அங்கேயே 28 நாள் தனிமை. செலவு உங்களோடது. ஜப்பான்ல ரத்தம் எடுத்ததிலேர்ந்து 180 நாள். ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலேர்ந்து நேராப் போகவே முடியாது. அவங்க ஒத்துக்கிற வேற நாட்டுல இருந்துட்டு, அங்கேருந்து போய், மெல்பர்ன் பக்கத்துல மிக்கிள்ஹாம்ங்கிற இடத்துல இருக்கிற அரசுத் தனிமை மையத்துலயும் இருந்தாகணும்.

ஆஸ்திரேலியா இதுல எவ்வளவு கண்டிப்புன்னு உலகத்துக்கே தெரிஞ்சது 2015-ல. ஜானி டெப் தன்னோட பிஸ்டல், பூன்னு ரெண்டு குட்டி டெரியர் நாய்களைத் தனி விமானத்துல சொல்லாமக் கொள்ளாம இறக்கிட்டார். விவசாய அமைச்சர் கெடு வச்சார்: நாய்ங்க நாட்டை விட்டுப் போகணும், இல்லைன்னா கருணைக் கொலை. நாய்ங்க விமானம் ஏறிடுச்சு. வழக்கு அடுத்த வருஷம் முடிஞ்சப்போ, அவரும் அவர் மனைவியும் சேர்ந்து ஒரு மன்னிப்பு வீடியோ வெளியிட்டாங்க. ஜாக் ஸ்பாரோவுக்கே அந்த நிலைமைன்னா வேளச்சேரிக்கு என்ன சலுகை கிடைக்கும்?

சரி, காகிதம் ரெடி. இப்போ விமானம்.

பிராணிங்க பறக்க மூணு வழி. ஒண்ணு, கேபின்ல உங்க முன் சீட்டுக்குக் கீழ. ரெண்டு, நீங்க போற அதே விமானத்துல, கீழ இருக்கிற சரக்கு அறையில, உங்க லக்கேஜ் கணக்குல. மூணு, தனி கார்கோவா. எது கிடைக்கும்ங்கிறதை முக்கால்வாசி எடைதான் தீர்மானிக்குது. லுஃப்தான்சா மாதிரி ஐரோப்பிய ஏர்லைன்ஸ்ல கேபின் வரம்பு 8 கிலோ, பையும் சேர்த்து. நம்ம நாட்டுப் பூனை நாலு, நாலரை கிலோ வரும். பை ஒண்ணரை கிலோ. தாராளமா உள்ள வந்துடும். பிரியாணி சாப்பிட்டு ஏழு கிலோவுல இருக்கிற பூனைன்னா, அந்த நாலு மாசக் காத்திருப்பை டயட்டுக்கும் சேர்த்துப் பயன்படுத்திக்கலாம். டாக்டரைக் கேட்டு மெதுவாக் குறைங்க, பட்டினி போடாதீங்க.

உள்நாட்டுல ஏர் இந்தியா நீண்ட காலமாவே அனுமதிக்குது. ஆகாசா ஏர் 2022 நவம்பர்ல 7 கிலோ வரம்போட ஆரம்பிச்சு, அப்புறம் 10 கிலோவா ஏத்தினாங்க. இண்டிகோவுல சேவை நாய்களுக்கு மட்டும்தான் இடம். வளைகுடா வழியாப் போகலாம்னு நினைக்கிறவங்களுக்கு: எமிரேட்ஸ் கேபின்ல பூனையும் கிடையாது, நாயும் கிடையாது. ஆனா துபாய்க்கும் பாகிஸ்தான்ல சில ஊர்களுக்கும் நடுவுல வல்லூறு போகலாம். நிஜமாத்தான் சொல்றேன். வேட்டைப் பறவை சீட் பக்கத்துல உக்காந்து வரலாம், உங்க மணிமேகலை வர முடியாது. ஒவ்வொரு ஊர்லயும் யாருக்கு மரியாதைன்னு இதுலயே தெரிஞ்சுடுது.

இந்த வரம்பெல்லாம் மாறிட்டே இருக்கும், அதனால ஒரு நடைமுறையை மட்டும் மாத்தாதீங்க. டிக்கெட் புக் பண்றதுக்கு முன்னாடி ஏர்லைனுக்குப் போன் பண்ணுங்க. ஒரு விமானத்துல கேபினுக்கு இத்தனை பிராணிதான்னு கணக்கு இருக்கு. அந்தத் தேதியில இடம் இருக்கான்னு கேட்டு, இருந்தா டிக்கெட் போட்டு, கையோட பூனையைச் சேர்த்து, அந்த உறுதி மெயில் வந்த பிறகுதான் நிம்மதியாத் தூங்கணும். வழியில மாறுறதா இருந்தா முழுப் பயணமும் ஒரே புக்கிங்ல இருக்கட்டும். ரெண்டு தனித்தனி டிக்கெட்னா நடுவுல இருக்கிற நாட்டுக்குள்ள பூனையோட நுழையிற மாதிரி ஆயிடலாம், அந்த நாட்டுக்கு வேற காகிதம்.

கிளம்புறதுக்குச் சில நாள் முன்னாடி, பள்ளிக்கரணையில இருக்கிற மத்திய அரசோட விலங்குத் தனிமை மையத்துல, பிராணியையும் எல்லாக் காகிதத்தையும் காட்டி ஏற்றுமதிச் சுகாதாரச் சான்றிதழ் வாங்கணும். ஐரோப்பாவுக்கான சான்றிதழ் கையெழுத்தானதிலேர்ந்து பத்து நாளைக்குள்ள அங்க போய் இறங்கியாகணும். அதனால ரொம்ப முன்கூட்டியும் வாங்க முடியாது. நடுவுல அரசு விடுமுறை வருதான்னு காலண்டரைப் பாருங்க. தீபாவளி வாரத்துல கிளம்புறவங்க இங்கதான் திண்டாடுறாங்க.

விமான நிலையத்துல பூனைக்கு ரொம்ப ஆபத்தான இடம் எதுன்னு கேட்டா, வானத்துல இல்ல, செக்யூரிட்டிலதான்னு சொல்வேன். பை எக்ஸ்ரே மெஷின்ல போகும். பூனை போகக்கூடாது. அதனால பூனையை வெளிய எடுத்து, கையில தூக்கிட்டு நீங்க நடக்கணும். சுத்தி டிராலிச் சத்தம், பீப் சத்தம், வாக்கி டாக்கி. வீட்டுல குக்கர் விசில் அடிச்சாலே கட்டிலுக்கு அடியில போற ஜீவன் அது. ஒரு துள்ளு துள்ளினா, மீனம்பாக்கம் டெர்மினலோட கூரையில எங்க போய் உக்காருமோ தெரியாது. அதுக்கு ஹார்னஸ் வேணும். கழுத்துப்பட்டை போதாது, பூனை தலையை உருவிக்கும். நெஞ்சைச் சுத்தி வர்ற ஹார்னஸைப் பையில இருக்கும்போதே மாட்டி, கயிறை உங்க மணிக்கட்டுல சுத்திக்குங்க. சி.ஐ.எஸ்.எஃப். ஆட்கள்கிட்ட "சார், பூனை இருக்கு, தனி அறையில செக் பண்ண முடியுமா"ன்னு முன்னாடியே பணிவாக் கேட்டுப் பாருங்க. கேக்குறதுக்கு யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. ஹார்னஸை விமான நிலையத்துல முதல் தடவை மாட்டாதீங்க. ஒரு மாசம் முன்னாடியே வீட்டுல தினமும் பத்து நிமிஷம். பூனை முதல் நாள் அப்படியே சாஞ்சு படுத்து, செத்த மாதிரி நடிக்கும். பழகிடும்.

பையும் அப்படித்தான். கூடத்துல திறந்தே போட்டு வைங்க, உள்ள உங்க பழைய டி-ஷர்ட். சாப்பாட்டையும் அதுக்குள்ளயே வைங்க. 'பைன்னா டாக்டர், டாக்டர்னா ஊசி'ங்கிற கணக்கு அது மனசுல உடையணும்.

இனி நாய். இங்கதான் விஷயம் கனமாகுது. நம்ம நாட்டு நாய் வளர்ந்தா பதினைஞ்சு, இருபது கிலோ. எந்தக் கேபின் வரம்புலயும் வராது. லேப்ரடார் பத்திச் சொல்லவே வேண்டாம். அப்போ கீழ சரக்கு அறைதான். "இருட்டுல, குளிர்ல, காத்தே இல்லாம…"ன்னு நினைச்சே பலபேர் அழுதுடுறாங்க. அது பாதி உண்மை. பிராணிங்க போற அந்தப் பகுதியில பயணிகள் பகுதி மாதிரியே காத்தழுத்தம் இருக்கும், வெப்பநிலையும் பராமரிக்கப்படும். உயிருள்ள பிராணி ஏறியிருக்குன்னு கேப்டனுக்கு எழுத்துல தகவல் போகும். இருட்டும் சத்தமும் உண்மை. தனிமையும் உண்மை.

கீழ இருக்கிற அறையை விட எனக்குக் கவலை தர்றது, அதுக்கு முன்னயும் பின்னயும் இருக்கிற தார்த் தரைதான். கூண்டு வண்டியில ஏறி, விமானத்துக்குப் பக்கத்துல நின்னு, ஏத்துறதுக்குக் காத்திருக்கிற நேரம். நாய்க்கு நம்மள மாதிரி உடம்பு முழுக்க வியர்க்காது. மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கணும். மே மாசம் மதியம் சென்னை ரன்வே ஓரம் எப்படி இருக்கும்னு நான் சொல்லணுமா? அமெரிக்க ஏர்லைன்ஸ் பலதுல 85 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 29 டிகிரி செல்சியஸ் சொச்சம் தாண்டினாலே நாயை ஏத்த மாட்டாங்க. அந்த அளவுகோல்படி பார்த்தா நம்ம ஊர்ல மார்கழி தை விட்டா பகல் நேரமே தேறாது. அதனால நடுராத்திரி கிளம்புற ஃப்ளைட், குளிர் மாசம், நேரடி விமானம். இந்த மூணும் அமையுறதுக்காகப் பயணத்தை ரெண்டு மாசம் தள்ளிப்போட வேண்டியிருந்தாலும் தள்ளிப்போடுங்க.

சப்பை மூக்கு நாய்களுக்கு இது இன்னும் தீவிரம். பக், புல்டாக், ஃப்ரெஞ்ச் புல்டாக், ஷிட்சு, பூனையில பெர்ஷியன். நம்ம ஊர்ல ஒரு செல்போன் விளம்பரத்துக்கப்புறம் வீட்டுக்கு வீடு பக் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அந்த மூக்கமைப்புக்குச் சாதாரண நாள்லயே மூச்சு விடுறது பாடு. 2010-ல அமெரிக்கப் போக்குவரத்துத் துறை வெளியிட்ட கணக்குல, அஞ்சு வருஷத்துல விமானச் சரக்கா போய் இறந்த 122 நாய்கள்ல ஏறக்குறைய பாதி சப்பை மூக்கு இனங்கள். அதுலேர்ந்து பல ஏர்லைன்ஸ் இந்த இனங்களைக் கீழ ஏத்துறதையே நிறுத்திட்டாங்க. யாராவது 'பரவாயில்ல, கையெழுத்துப் போடுங்க, ஏத்திக்கிறோம்'னு சொன்னா, அந்தக் கையெழுத்து எதுக்குன்னு நினைச்சுப் பாருங்க. என் கருத்து நேரடியா: உங்க பக் கேபின் எடைக்குள்ள வரலைன்னா, அதை விமானத்துல ஏத்தாதீங்க.

தூக்க மாத்திரை. இது எல்லாரும் கேக்குற கேள்வி. "தூங்கிட்டே போயிடுமே, பாவம், பயம் தெரியாது." வேண்டாம். மயக்க மருந்து ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் குறைக்கும், உடம்போட சூட்டை சமாளிக்கிற திறனும் போகும். கூண்டு சாயும்போது கால் ஊன்றி நிக்கவும் முடியாது. கீழ என்ன நடக்குதுன்னு பாக்க யாரும் இல்ல. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமும் ஐ.ஏ.டி.ஏ.வும் இதை எதிர்க்கிறாங்க. மயக்கத்துல இருக்கிற பிராணியைப் பல ஏர்லைன்ஸ் செக்-இன்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. பயத்தைக் குறைக்கிற மிதமான மருந்து வேற விஷயம். அதை உங்க டாக்டர் சொல்லணும், அதையும் பயணத்துக்கு முன்னாடி ஒரு நாள் வீட்டுல குடுத்துப் பாத்திருக்கணும்.

கூண்டு வாங்கும்போது கடைக்காரர் சொல்ற 'மீடியம், லார்ஜ்' எதுக்கும் உதவாது. டேப் எடுத்து நாயை அளங்க. மூக்கு நுனியிலேர்ந்து வால் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் ஒரு அளவு. முன்னங்கால் தரையிலேர்ந்து முழங்கை வரைக்கும் இன்னொண்ணு. நீளம் முதல் அளவோட ரெண்டாவதுல பாதியைக் கூட்டினா வர்றது. அகலம், தோள்பட்டை அகலத்துல ரெண்டு மடங்கு. உயரம், நேரா நிக்கும்போது தலையோ காதோ எது உசரமோ அது வரைக்கும், படுக்கையோட தடிமனும் சேர்த்து. ஐ.ஏ.டி.ஏ. வச்சிருக்கிற முறை இது. நாய் நிக்கணும், திரும்பணும், நீட்டிப் படுக்கணும். பிளாஸ்டிக் கிளிப்புக்குப் பதிலா இரும்பு போல்ட் போடுங்க. சக்கரம் இருந்தா கழட்டணும். தண்ணிக் கிண்ணத்தை முந்தின நாள் ராத்திரி ஃப்ரீசர்ல வச்சு ஐஸ் ஆக்கி மாட்டுங்க. ஏத்தும்போது சிந்தாது, போகப்போக உருகும்.

இதையெல்லாம் சொல்லிட்டு, இன்னொண்ணையும் சொல்லியாகணும். எல்லா நாயும் பறக்கணும்னு இல்ல. பன்னெண்டு வயசு ஆகி, இதயத்துல முணுமுணுப்பு இருக்குன்னு டாக்டர் சொன்ன நாயை, பதினாறு மணி நேரம் கூண்டுல வச்சு, மைனஸ் டிகிரி ஊருக்குக் கூட்டிட்டுப் போறது யாருக்காக? அதுக்கு ஒரு திண்ணை இருக்கு, தெரிஞ்ச தெரு இருக்கு, காலையில உங்க அப்பா கூடப் பால் வாங்கப் போற வேலை இருக்கு. அதை அப்பாகிட்ட விட்டுட்டுப் போறதைக் 'கைவிட்டுட்டாங்க'ன்னு இன்ஸ்டாகிராம்ல எழுதுறவங்க எழுதட்டும். மாசா மாசம் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் பணம் அனுப்புங்க. அதே நேரம் 'ஊருக்குப் போறேன், யாராவது எடுத்துக்குங்க'ன்னு ஸ்டேட்டஸ் போட்டுட்டு, கடைசி வாரம் தெருவுல இறக்கி விடுறாங்களே, அவங்களுக்கு நான் வக்காலத்து வாங்கல.

பெங்களூருக்கோ மதுரைக்கோ போறவங்க விமானத்தையே மறந்துடுங்க. ரயில்ல முதல் வகுப்பு ஏ.சி.யில ரெண்டு பெர்த் கூபேயோ நாலு பெர்த் கேபினோ முழுசா உங்க பேர்ல கிடைச்சா, நாய் உங்க கூடவே வரலாம். பார்சல் ஆபீஸ்ல புக் பண்ணணும். கூபே கிடைக்குமான்னு கடைசி வரைக்கும் தெரியாதுங்கிறதுதான் வில்லங்கம். கார் இருந்தா கார்தான் ராஜா.

கடைசியா, போய் இறங்கின பிறகு. ஃபிராங்க்ஃபர்ட்ல பச்சை வழியில நைசா நடந்து வெளிய போயிடாதீங்க. சிவப்பு வழியில சுங்க அதிகாரிகள்கிட்ட நீங்களே போய்ச் சொல்லணும். சிப்பை ஸ்கேன் பண்ணி, காகிதத்தோட ஒப்பிடுவாங்க. சரியா இருந்தா கொஞ்ச நேரத்துல முடிஞ்சுடும். சரியில்லைன்னா சட்டத்துல மூணு வழி இருக்கு: திருப்பி அனுப்புறது, தனிமையில வைக்கிறது, வேற வழியே இல்லைன்னா கொன்னுடுறது. செலவு எல்லாம் உங்க தலையில. அந்த மூணாவது வழி புத்தகத்துல இருக்குங்கிறதாலதான் ஒரு இலக்கத்துக்கு அவ்வளவு நேரம் பேசினேன்.

வீட்டுக்குப் போனதும் பூனைக்கு முழு வீட்டையும் காட்டாதீங்க. ஒரே அறை. மண் தட்டு, தண்ணி, அந்தப் பழைய டி-ஷர்ட், கதவைச் சாத்தி வைங்க. ரெண்டு மூணு நாள் கட்டிலுக்கு அடியிலயே இருக்கும், இழுக்காதீங்க. சாப்பாட்டை மட்டும் கவனிங்க. நாய் ஒரு நாள் சாப்பிடலைன்னா பெருசா ஒண்ணும் ஆகாது. பூனை ரெண்டு நாள் தொடர்ந்து சாப்பிடாம இருந்தா கல்லீரல்ல கொழுப்பு சேர்ந்து ஆபத்தாயிடலாம். சென்னையில சாப்பிட்ட அதே பிராண்ட் தீனியில ஒரு சின்னப் பாக்கெட் கொண்டுபோங்க. அதையும் தொடலைன்னா மறுநாளே அங்க ஒரு டாக்டரைப் பாருங்க.

வாடகை வீடு? ஜெர்மனியில அதுக்கும் ஒரு தீர்ப்பு இருக்கு. நாய் பூனையே கூடாதுன்னு அச்சடிச்ச ஒப்பந்தத்துல பொத்தாம்பொதுவாத் தடை போடுறது செல்லாதுன்னு அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 2013-ல சொல்லிடுச்சு. ஒவ்வொரு கேஸையும் தனியாப் பாக்கணுமாம். நாய் வச்சிருக்கிறவங்க மட்டும் நகராட்சிக்கு நாய் வரி கட்டணும். பெர்லின்ல முதல் நாய்க்கு வருஷம் 120 யூரோ. பூனைக்கு வரி இல்ல. பூனைகிட்ட யார் போய் வசூல் பண்றது?

அடுத்த வாரம் நம்ம ஊர் ஹவுஸ் ஓனர்ங்களும் 'நோ பெட்ஸ்' போர்டும். உங்க அனுபவத்தை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, ஒரு நிமிஷத்துக்குள்ள. வர்றேன் மக்களே.